மூன்றாவது சீட்

“வர்றது எத்தனை பேரும்மா?”

“ரெண்டு பேர்.”

“சீட்டு எத்தனை?”

“மூணு.”

போனில் பேசியது ஒரு சஃபாரி கம்பெனிக்காரன். அந்த ஆள், கணக்கு வராத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, ரெண்டு பேருக்கு ரெண்டு சீட்டே போதும், ஜீப்பில் காலை நீட்டிக்கொள்ளத் தாராளமாக இடமிருக்கும் என்று ஆரம்பித்தான். அவள் பட்டென்று போனை வைத்தாள். தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி, சாப்பாட்டு வேளைகளில் அவள் இப்படித்தான் ஒவ்வொரு சஃபாரி கம்பெனியாகக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கம்பெனிகளுக்கா பஞ்சம்? ஒருவன் ‘சிறுத்தை கேரண்டி’ என்றான். சிறுத்தை அவனிடம் மாதச் சம்பளம் வாங்குகிறதோ என்னவோ. இன்னொருவன் நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, காலையில் எத்தனை வகை பலகாரம் என்று மூச்சு விடாமல் அடுக்கினான். காட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது சீட்டுக்கு ஆள் வராவிட்டால் வழியில் வேறு யாரையாவது ஏற்றிக்கொள்ளலாமா என்று குழைந்தான் ஒருவன். அவனுக்கு அவள் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இந்தப் பயணத்தை ஆரம்பித்து வைத்தவள் நாத்தனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சோபாவில் உட்காரக்கூட இல்லை. “அண்ணி, வருஷம் ஆகப்போகுது. இந்த நாலு சுவத்தையே பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் இருப்பீங்க? அண்ணனைக் கூட்டிட்டு எங்கயாவது போயிட்டு வாங்க” என்றாள்.

“யானை பாக்கணும்னு குட்டி சொல்லிக்கிட்டே இருக்கா. அங்கயே போறோம்” என்றாள் இவள்.

நாத்தனார் வாயைத் திறந்தாள், அண்ணனைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். குட்டி, போன மழைக்காலத்தில் இறந்துபோன அவர்கள் பெண். ஒரே பெண். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், அது மூளைக்கு ஏறிவிட்டது, டாக்டர்கள் தலைகீழாக நின்றும் பிழைக்க வைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று தட்டு வைப்பது நிற்கவில்லை. எங்கே போனாலும் மூன்று டிக்கெட். குட்டி வாயில்லாப் பூச்சி. வந்தவர்கள் பேர் கேட்டால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போவாள், அம்மாதான் சொல்வாள். பசிக்கிறதா என்று கேட்டால் அம்மா சொல்வாள். டீச்சர், டாக்டர், பஸ் கண்டக்டர், எல்லோருக்கும் குட்டிக்காகப் பேசிப் பேசிப் பழகிய வாய் அது. பிள்ளை போன பிறகு மட்டும் அது சும்மா இருந்துவிடுமா? சமையலறையில் தனியாக நிற்கும்போது, “இன்னும் கொஞ்சம் போடவா?” என்று கேட்டுவிட்டு, “போதும்மா” என்று மெல்லிய குரலில் அவளே பதிலும் சொல்வாள். அந்தக் குரல் அச்சு அசல் பெண்ணின் குரல். அடுத்த அறையில் படுத்திருக்கும் கணவருக்கு மயிர்க்கூச்செறியும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டுகளுக்கு உயிர் கொடுக்கிற மனிதர், வீட்டில் நின்றுபோனதை என்ன செய்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்தார். தெரிந்தவர்கள் எல்லாம் அவரை மெச்சினார்கள். கல்லு மாதிரி நிக்கிறாரு, பொண்டாட்டிதான் பாவம் என்றார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு வீட்டில் ஒருவரைப் பார்த்துப் பரிதாபப்படத்தான் நேரம் இருக்கும். அவர் ஏதாவது சொன்னால் அவளிடமிருந்து ஒரு “ம்” வரும். லைட் பில் கட்டிட்டேன். ம். இடுப்பு வலிக்குது. ம். இன்னிக்கு ஒரு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன், நல்ல நேரம் தப்பிச்சேன். ம்.

கடைசியாக அவள் கூப்பிட்ட கம்பெனிக்காரருக்குத் தொண்டை கட்டிய குரல்.

“மூணு சீட்டு வேணும். வர்றது ரெண்டு பேர்.”

“சரிம்மா.”

ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. “மூணாவது சீட்டுல வேற யாரையும் ஏத்த மாட்டீங்களே?”

“நீங்க எடுத்த சீட்டு உங்களோடது. அதுல காத்து உக்காந்தாலும் எனக்கென்னம்மா? ஆனா ஒண்ணு. காட்டுக்குள்ள எங்க டிரைவருங்க பின்னால திரும்பிப் பாக்க மாட்டாங்க. கண்ணு எப்பவும் முன்னாலதான் இருக்கணும். அதனால வண்டி எங்க நின்னாலும், எடுக்கறதுக்கு முன்னால ‘ஆள் இருக்கா?’ன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வாயால ‘இருக்கேன்’னு சொல்லணும். குரலை எண்ணித்தான் வண்டி கிளம்பும். புருஷனுக்காகப் பொண்டாட்டி சொல்றது, பிள்ளைக்காக அம்மா சொல்றது, எதுவும் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

சாயங்காலம் கணவரும் தன் பங்குக்கு அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். வயர்லெஸ் உண்டா, ஸ்டெப்னி எத்தனை, வண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்.

“நிக்கும் சார். எங்க வண்டி நிக்கவே நிக்காதுன்னு ஒருத்தன் சொன்னான்னா அவன் காட்டுக்கே போனதில்லைன்னு அர்த்தம். நின்னா வயர்லெஸ்ல சொல்லுவோம், வேற வண்டி வரும். காட்டு கேட் மூடறதுக்குள்ள ஆளுங்களை மாத்தி ஏத்திக்கிட்டு, நின்ன வண்டியை அங்கயே விட்டுட்டு வந்துடுவோம். காலையில போய் இழுத்துட்டு வருவோம்.”

குரல் கொடுக்கிற விதியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கியவன் தன் வாயால் குரல் கொடுக்காமல் மேலே இருப்பவன் கரண்ட் போடக் கூடாது என்பது அவர்கள் வேலையில் முதல் பாடம். “இவன்தான் ஆளு. இவன்கூடப் போலாம்” என்றார். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டினார்கள். காரணம் வேறு வேறு என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வழியிலேயே முதல் கோளாறு. பஸ் மாறிய இடத்தில் பெட்டி இறங்கவில்லை. அது பாட்டுக்கு வேறு ஊருக்குப் பயணம் போய்விட்டது. அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, போன் மேல் போன் போட்டு, மறுநாள் சாயங்காலத்துக்குள் பெட்டி தங்குமிடத்துக்கு வந்துவிடும் என்று வாக்குறுதி வாங்கினார். அவள் மடியில் கைப்பை பத்திரமாக இருந்தது. அதற்குள் மாற்றுச் சட்டை ஏதாவது இருக்குமா என்று கேட்டுத் திறந்து பார்த்தார். குட்டியின் கவுன் இரண்டு, குட்டியின் சாக்ஸ், குட்டியின் ஸ்வெட்டர். அவர் ஜிப்பை இழுத்து மூடி அவளிடமே கொடுத்தார். தங்குமிடத்துக் குழாயில் தன் ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டு, விடியற்காலை ஈரம் காயாமலே மாட்டிக்கொண்டார்.

டிரைவர் வயதானவர். மீசையைத் தவிர முகத்தில் வேறெதுவும் கண்ணில் படாது; ‘மீசை’ என்றுதான் கம்பெனியில் எல்லோரும் கூப்பிட்டார்கள். திறந்த ஜீப், பின்னால் மூன்று சீட். கணவர் வலது ஓரம், அவள் நடு, இடது ஓரம் குட்டிக்கு. கம்பெனிக்காரர் வாக்குத் தவறாமல் அந்தச் சீட்டிலும் ஒரு போர்வை மடித்து வைத்திருந்தார்.

“ஆள் இருக்கா?” என்றார் மீசை, முன்னால் பார்த்தபடி.

“இருக்கேன்” என்றார் கணவர்.

“இருக்கேன்” என்றாள் அவள்.

பிறகு மூன்றாவது குரல், மெல்லிசாக, வெட்கப்பட்டுக்கொண்டு: “இருக்கேன்.”

சாவியின் மேல் இருந்த மீசையின் கை அப்படியே நின்றது. திரும்பக் கூடாது என்பது எத்தனையோ வருஷப் பழக்கம். இருந்தும் அவர் கழுத்து பாதி திரும்பிவிட்டது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜீப் கிளம்பியது.

டீ குடிக்க இறங்கிய இடத்தில் கணவர் மீசையைத் தள்ளிக் கூட்டிப் போய் ஏதோ சொன்னார். மீசை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். “அம்மா, எனக்கும் பேத்தி இருக்கு. உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா ஒருத்தருக்காக இன்னொருத்தர் குரல் குடுக்கக் கூடாதும்மா. எங்களுக்கு இருக்கறது அந்த ஒரு ரூல்தான்.”

“சரிங்க” என்றாள். அதன் பிறகு அந்த மூன்றாவது ‘இருக்கேன்’ மட்டும் ரகசியம் பேசுவதுபோல் வந்தது. மீசைக்குக் கேட்டது. இரண்டு குரலை எண்ணிவிட்டு, மூன்றாவதைக் காதில் வாங்காதவர்போல வண்டியை எடுத்தார்.

காலைச் சுற்றில் மான் பார்த்தார்கள், பன்றி பார்த்தார்கள், யானை போட்டுவிட்டுப் போனதை மட்டும் பார்த்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் இடது கையை நீட்டி இல்லாத உடம்பை விழாமல் பிடித்துக்கொண்டாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிடித்த இடத்தில் கனம் இருந்தது. மெலிந்த தோளின் கனம். அதை வைத்தே அவள் ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தாள். கணவர் அவள் கையைப் பார்ப்பதும், பிறகு வலது பக்கக் காட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்.

சாயங்காலச் சுற்றில் ஜீப் உட்கார்ந்துவிட்டது. ஆற்றுக்கு இறங்குகிற சரிவில், சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்த வேகத்தில் அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். மீசை இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். கணவரும் அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு கூடவே குனிந்தார். ஆக்சில் போய்விட்டது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மீசை வயர்லெஸ்ஸை எடுத்தார். “ஆத்துச் சரிவுல நிக்கறோம். ஆக்சில் அவுட். ரெண்டு பேர் இருக்காங்க, வண்டி அனுப்பு.”

ரெண்டு பேர். அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளதைத்தானே அந்த மனிதர் சொன்னார்? ஆனாலும் அவரைப் பார்க்கவே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாற்று வண்டி வருவதற்குள் வெயில் போய்விட்டது. அதை ஓட்டி வந்தவர் நல்ல பருமன், பேர் கேட்பதற்கு முன்னாலேயே மீசை “வா மூட்டை” என்றார். சின்ன ஜீப். பின்னால் இரண்டு பேர் உட்காரும் ஒரே சீட்; மற்ற இடமெல்லாம் கயிறும் ஜாக்கியும் டயரும். அதே நேரம் எதிர்க்கரையில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. மீசை விரலை உதட்டில் வைத்தார். புதருக்கு நடுவே கறுப்பாக ஒன்று அசைந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, அவற்றின் கால்களுக்கு நடுவில் சின்னதாக ஒன்று.

“குட்டியோட வருது. பேச்சு வேண்டாம், சத்தமில்லாம ஏறுங்க” என்று கிசுகிசுத்துவிட்டு மீசை பைகளை அள்ளிக்கொண்டு முன் சீட்டுக்கு ஓடினார்.

அவள் வலது பக்கமாக ஏறினாள். உள்பக்கத்து மூலையைக் காலியாக விட்டு, ஏறுகிற பக்கத்தில் தான் உட்கார்ந்தாள். மூலையில் கயிறு கிடந்தது. அதை எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தபோது, காதருகில் கணவரின் குரல் ஏதோ சொன்னது.

“ம்” என்றாள்.

யானைகள் தண்ணீரில் இறங்கின.  “அதோ பாரு, குட்டி. அம்மா காலுக்கு நடுவுல பாரு. உன்னை மாதிரியே ஒளிஞ்சுக்குது” என்று மூலைக்குச் சொன்னாள். ஜீப் லேசாக ஆடியது. முன்னால் யாரோ ஏறினார்கள். கணவர்தான் ஏறுகிறார் என்று நினைத்தாளா, அல்லது அவரைப் பற்றி நினைக்கவே இல்லையா என்று பின்னால் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். நினைக்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

“ஆள் இருக்கா?” என்றார் மூட்டை அடிக்குரலில். அவர் கண் யானைகள் மேல் இருந்தது. மீசை வயர்லெஸ்ஸைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டை மூடிவிடாதே என்று காவல்காரனிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

“இருக்கேன்.”

மூலையிலிருந்து மெல்லிசாக: “இருக்கேன்.”

மூட்டைக்குச் சொல்லி அனுப்பியது இரண்டு பேர். கேட்டது இரண்டு குரல். அவர் வண்டியை எடுத்து, அதிகம் சத்தம் எழாமல் மெதுவாகச் சரிவில் மேலே ஏற்றினார்.

மேட்டைத் தாண்டி, விளக்கைப் போட்டு, கொஞ்ச தூரம் வந்த பிறகு மீசை கேட்டார். “சார், என் டார்ச் உங்ககிட்டதானே இருக்கு?”

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். டார்ச் வரவில்லை.

“சார்?”

மீசை திரும்பினார். முழுசாகத் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயமே உறைத்தது. அதுவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் குளிருமே என்று ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“சார் எங்கம்மா?”

“இங்கதான்...” என்று ஆரம்பித்து முன் சீட்டைப் பார்த்தாள்.

“ரெண்டு குரல் கேட்டுச்சேண்ணே!” என்று மூட்டை அலறினார். “என் காதால கேட்டேன், ரெண்டு!” அலறிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

மேட்டுக்கு வந்ததும் மீசை விளக்கையும் இன்ஜினையும் அணைக்கச் சொன்னார். இனி நகர முடியாது. மந்தை இக்கரைக்கு ஏறிவிட்டது. அவர்களுக்கும் நின்றுபோன ஜீப்புக்கும் நடுவே பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. இருட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை. யானை எது, புதர் எது என்று குழப்புகிற அளவுக்கு வெளிச்சம் மிச்சமிருந்தது. கீழே எங்கேயோ தகரம் நசுங்குகிற சத்தம் கேட்டது.

அவள் எழுந்து வாயைத் திறந்தாள். மீசை அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

“கூப்பிடாதீங்கம்மா. நீங்க கூப்பிட்டா அவரு பதில் குடுப்பாரு. குடுத்தார்னா எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிடும்.”

அவள் உட்கார்ந்தாள். வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். அவர் காதருகில் என்ன சொன்னார்? அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், அவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். யோசித்தாள். குட்டி கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் ஒன்றுவிடாமல் நினைவில் இருந்தன: தண்ணி, லைட்டை அணைம்மா, அப்பா எங்க. கணவர் சற்று முன்னால் சொன்னதில் ஒரு எழுத்துகூட இல்லை. நேற்று சொன்னதும் இல்லை. போன மாதம் சொன்னதும் இல்லை. எத்தனை துழாவினாலும் அவளுடைய “ம்” மட்டும்தான் கையில் சிக்கியது. அந்த மனிதரின் குரல் எப்படி இருக்கும் என்றே ஒரு கணம் ஞாபகத்துக்கு வரவில்லை. 

மறுபடி தகரச் சத்தம். இந்தத் தடவை நீளமாக.

அவள் மூலைப் பக்கம் குனிந்தாள். “நீ போடி கண்ணு” என்று மூச்சுக்காற்றில் சொன்னாள். “உன்னை ஒண்ணும் பண்ணாது. போய் அப்பாகூட இரு. அப்பா தனியா இருக்காரு.” முன்னால் மீசை தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பெரிய யானை ஒன்று காதை விசிறிக்கொண்டு அவர்கள் ஜீப்பை நோக்கி நாலடி வைத்தது. நின்றது. என்ன நினைத்ததோ, திரும்பித் தன் குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு மூங்கிலுக்குள் போனது. ஒவ்வொன்றாக மற்றவையும் போயின. கடைசி யானை போன பிறகும் மீசை அசையவில்லை. அவருக்கு அவசரமில்லாமலா? ஆனால் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் அவர். கிளை முறிகிற சத்தம் வெகு தூரத்துக்குப் போன பிறகுதான் மூட்டையின் தோளைத் தட்டினார்.

நின்றுபோன ஜீப்பின் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. சீட்டுகளில் யாரும் இல்லை. அவள் விளக்கு வெளிச்சத்தில் விழுந்தடித்து இறங்கினாள். “என்னங்க” என்றாள்.  “என்னங்க!”

ஜீப்புக்கு அடியில் இருமல் கேட்டது. முதலில் ஒரு கை, பிறகு மண் அப்பிய தலை. லிஃப்ட் குழியில் ஊர்ந்து பழகிய உடம்பு, அந்தச் சின்ன இடுக்கிலிருந்து பக்கவாட்டில் நெளிந்து வெளியே வந்தது. முழங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரே சட்டை, அதுவும் போச்சு.

“கல்லு வச்சது நல்லதாப் போச்சு” என்றார் மீசையிடம். பல் தந்தியடித்தது. “சரிவுல நிக்குதேன்னு டயருக்குக் கல்லு வைக்கத்தான் வந்தேன். வைக்கலேன்னா அது தள்ளின தள்ளுக்கு வண்டி என் மேலயே ஏறியிருக்கும்.”

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கல்லு வச்சுட்டு வந்துடறேன், டிரைவர்கிட்ட சொல்லிடு. ம்.

மூட்டை அந்தப் பெரிய உடம்போடு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு குரல் கேட்டேன் சார். சத்தியமா எண்ணினேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட...” மீசை அவரைக் கண்டபடி ஏசினார். உன்னை வேலைக்கு வச்சவனைச் சொல்லணும், நாளையிலேர்ந்து நீ வண்டியைத் தொடக் கூடாது என்று கத்தினார்.

“அவரைத் திட்டாதீங்க” என்றாள் அவள். “அவர் எண்ணினது சரிதான். ரெண்டும் நான்தான் சொன்னேன்.”

 கணவர் அவளைப் பார்த்தார்.

“ரெண்டாவது எனக்கா?” என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பழக்க தோஷம், உங்களுக்காகச் சொல்லிட்டேன் என்றால் நம்பியிருப்பார்; நம்பத்தான் அவருக்கும் ஆசை, முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவளால் முடியவில்லை. இல்லை என்று தலையசைத்தாள். அவரும் தலையசைத்தார். லிஃப்ட்டில் எது பழுது என்று தெரிந்துவிட்டால் இப்படித்தான் தலையசைப்பார். குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

அவள் ஏறி, முன்பு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். அவர் பின்னாலேயே வந்து படியில் காலை வைத்தார். சீட்டைப் பார்த்தார். அவளைத் தாண்டி மூலைக்குப் போகக் காலைத் தூக்கினார்.

“அங்க வேண்டாம்” என்றாள்.

சொல்லிவிட்டாள். ஒரு யானைக்கூட்டம் அவர் மேல் நடந்து போகாமல் போனதைப் பார்த்த பிறகும், ரத்தம் சொட்டுகிற கையைப் பார்த்த பிறகும், அவள் வாயில் முதலில் வந்தது அதுதான். 

அவர் காலைக் கீழே வைத்தார். கோபமே இல்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“அப்ப நான் எங்க உக்காரட்டும்?”

இரண்டே பேர் உட்காருகிற சீட் அது. ஒன்றில் அவள், ஒன்றில் குட்டி. முதல் தடவை ஏறியபோதும் அவருக்கு அதில் இடம் இருக்கவில்லை. அவர் ஏறியிருந்தாலும் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

முன்னால் இருந்த இரண்டு பேரும் திரும்பாமல் காத்திருந்தார்கள். அவள் மூலையைப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தாள். நகர்ந்து மூலையில், அந்தச் சீட்டின் மேலேயே உட்கார்ந்தாள். அவள் இருந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார்.

ரெக்சின் பனி பிடித்துச் சில்லென்று இருந்தது. யாரோ உட்கார்ந்திருந்த சூடு கொஞ்சம்கூட இல்லை. புடவையைத் தாண்டித் தொடை வரைக்கும் அந்தக் குளிர் ஏறியது. அவள் அவர் கிழிந்த சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷமாக அழாத அழுகையைச் சத்தம் போட்டு அழுதாள். யானைகள் வெகு தூரம் போய்விட்டிருந்ததால் யாரும் அவளை அடக்கவில்லை.